சில எழுத்துகளைக் கொடுத்தால் அவை வரும் ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஜி, எச், என், டீ என்ற நான்கு எழுத்தும் வரும் ஆங்கிலச் சொற்கள் வேண்டும், 'இங்' என்று முடியும் சொற்கள் வேண்டாம். மூன்று தளங்களில் போட்டுப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமான பட்டியல் தருகின்றன, அதில் ஒன்று அப்படிச் சொல்லே இல்லை என்கிறது. எது சரி? தளம் இல்லாமல் யோசித்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

மூன்றும் சரிதான். நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் ஆறு கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு தளமும் தனக்குப் புரிந்த ஒன்றுக்குப் பதில் சொல்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். அதனால் முதலில் இதைப் பிரித்துவிடுகிறேன், அப்புறம் யோசித்துக் கண்டுபிடிக்கும் வழிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பிடித்த பகுதி.

அதற்கு முன் எழுத்துப் பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதும்போது இரண்டு டி, இரண்டு பி வந்து குழப்பும். இந்தப் பதிலில் டி என்றால் டாக்டரின் முதல் எழுத்து, டீ என்றால் டேபிளின் முதல் எழுத்து. பி என்றால் பஸ்ஸின் முதல் எழுத்து, பீ என்றால் பேப்பரின் முதல் எழுத்து.

சரி, ஆறு கேள்விகள். முதலாவது, கொடுத்த எழுத்துகளை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரே முறை பயன்படுத்தி அமைக்கும் சொல். அனகிராம் என்பது இதுதான். உங்கள் நான்கு எழுத்தில் உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை, அதனால் 'சொல் இல்லை' என்ற பதில் வருகிறது. ஓர் ஐ சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், இரவைக் குறிக்கும் நைட் வரும், பொருளைக் குறிக்கும் திங் வரும். இரண்டாவது, நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும், கூட வேறு எழுத்துகளும் இருக்கலாம். நீங்கள் கேட்க நினைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு நூற்றுக்கணக்கான சொற்கள் கிடைக்கும். மூன்றாவது, எழுத்துகள் ஒட்டி ஒட்டி, கொடுத்த வரிசையிலேயே வர வேண்டும். என்-ஜி-டீ-எச் என்று கொடுத்தால் லெங்த், ஸ்ட்ரெங்த் வரும். அதே எழுத்துகளை ஜி-எச்-டீ-என் என்று மாற்றிக் கொடுத்தால் பிரைட்னஸ், லைட்னிங் (மின்னல்) வரும். நான்காவது, வரிசை மாறக்கூடாது, ஆனால் இடையில் வேறு எழுத்து நுழையலாம். ஜி, எச், என், டீ என்ற அதே வரிசையில் என்லைட்டன்மென்ட் என்ற சொல்லில் நான்கும் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். வண்டி எண் பலகையில் உள்ள மூன்று எழுத்தை வைத்துச் சொல் சொல்லும் விளையாட்டை பயணத்தில் ஆடுவார்களே, அது இந்த வகை.

ஐந்தாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை. கொடுத்த எழுத்துகளைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது, ஆனால் இருப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ விளையாட்டு இப்படித்தான்: ஏழு எழுத்து, நடுவில் இருப்பது கட்டாயம், குறைந்தது நான்கெழுத்துச் சொல், ஏழும் வந்துவிட்டால் அதற்கு பான்கிராம் என்று பெயர். உங்கள் நான்கோடு ஓர் ஐ சேர்த்தால் ஹிட்டிங், ஹின்டிங், தின்னிங் என்று ஐந்து எழுத்தும் வரும் சொற்கள் கிடைக்கின்றன. கணினி விசைப்பலகையின் மேல் வரிசையில் உள்ள பத்து எழுத்துகளை மட்டும் வைத்து எழுதக்கூடிய நீளமான சொற்களில் ஒன்று டைப்ரைட்டர். எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தரும் தகவல் இது.

ஆறாவது, எந்த எழுத்து எந்த இடத்தில் என்பது தெரிந்திருக்கும் நிலை. குறுக்கெழுத்தும், வேர்டில் என்ற சொல் ஊகிக்கும் இணைய விளையாட்டும் இதில் சேரும். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இனி யோசித்துக் கண்டுபிடிப்பது. பெரும்பாலானோர் செய்வது என்னவென்றால் எழுத்துகளை வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு சொல் மனதில் தோன்றாதா என்று காத்திருப்பது. தோன்றும், ஆனால் திரும்பத் திரும்ப அதே நான்கு சொல்தான் தோன்றும். காத்திருப்பதற்குப் பதிலாகக் கேள்வியைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். சுருக்குவதற்கு நல்ல இடம், எழுத்துகளில் எது அரிதோ அது. கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் சொற்களை எண்ணிய கணக்கு ஒன்று உண்டு. அதன்படி ஈ 11 சதவீதத்துக்குச் சற்று மேல், ஏ 8.5 சதவீதம், உங்கள் எழுத்துகளில் டீ ஏறத்தாழ 7, என் 6.7, எச் 3, ஜி 2.5. ஆகவே டீயிலிருந்தோ என்னிலிருந்தோ தொடங்கினால் கடலில் குதிப்பது போல. ஜியும் எச்சும்தான் கதவு.

இங்கே ஒரு நுணுக்கம். ஓடும் உரையில் எழுத்து வரும் அடர்த்தி வேறு, அகராதிச் சொற்களில் வரும் அடர்த்தி வேறு. பழைய லைனோடைப் அச்சு எந்திரத்தின் விசைகள் ஈ, டீ, ஏ, ஓ, ஐ, என் என்ற வரிசையில் தொடங்கின. அது உரையில் வரும் அடர்த்தியை ஒட்டிய வரிசை. உரையில் எச் ஏறத்தாழ 6 சதவீதம் வரும், ஏனென்றால் தி, தட், திஸ், ஹீ, ஹேட் என்று எச் உள்ள குட்டிச் சொற்கள் வரிக்கு வரி வருகின்றன. அகராதியில் அவை ஒவ்வொன்றும் ஒரே சொல், அதனால் எச் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சொல் தேடும்போது அகராதிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஜியும் எச்சும் அரிது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, அவை எந்தக் கூட்டில் வரும்? ஆங்கில எழுத்துகள் தனியாக வாழ்வதைவிடக் கூட்டாக வாழ்வது அதிகம். ஜி-எச், டீ-எச், என்-ஜி, ஜி-எச்-டீ, என்-டீ. இதில் ஜி-எச்-டீ என்ற கூட்டு வந்தால் ஒரே அடியில் மூன்று எழுத்து தீர்ந்துவிடும், மிச்சம் என் மட்டும்தான். அதை முன்னால் வைத்தால் நைட், நைட்மேர், நைட்டிங்கேல், மிட்நைட், ஃபோர்ட்நைட், நாட்டி. கூட்டுச் சொல்லின் முதல் பாதியில் வைத்தால் மூன்லைட், சன்லைட், இன்சைட். ஈ-என் விகுதியாகப் பின்னால் வைத்தால் டைட்டன், பிரைட்டன், ஃபிரைட்டன், ஸ்ட்ரெய்ட்டன், ஹைட்டன், என்லைட்டன். னெஸ் விகுதியாக வைத்தால் இன்னொரு வரிசை. பாருங்கள், எதையும் 'நினைவுக்குக் கொண்டுவர' முயற்சி செய்யவில்லை, என் எங்கே உட்காரும் என்று மட்டும்தான் கேட்டோம்.

என்-ஜி என்ற கூட்டை எடுத்தால் மிச்சம் எச்சும் டீயும். 'இங்' வேண்டாம் என்று நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்பது இங்கே புரிகிறது. எச்சும் டீயும் உள்ள வினைச்சொல் எதை எடுத்தாலும் (ஹிட், ஹன்ட், டீச், டச், வாட்ச், கேட்ச், ஷவுட், திங்க், விசில்) பின்னால் இங் சேர்த்தால் ஒரு விடை கிடைத்துவிடும், பட்டியல் முழுக்க அதுவே நிரம்பும். அவற்றைத் தள்ளினால் இந்தக் கூட்டில் லெங்த், ஸ்ட்ரெங்த் குடும்பம்தான் முக்கியமாக நிற்கும்: லெங்தன், ஸ்ட்ரெங்தன், லெங்தி.

பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். சுவையான சொற்கள் இதற்கு அப்புறம்தான் வருகின்றன. கூட்டுகள் தீர்ந்ததும், எழுத்துகள் ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். கிரேக்க வேர்கள் இதற்கு நல்ல சுரங்கம். 'ஜன்' என்று முடியும் சொல்லில் ஜியும் என்னும் இருக்கிறது, முன்னால் டீ-எச் வேண்டும்: பேத்தோஜன். 'கன்' என்று கோணத்தைக் குறிக்கும் வேரிலும் அதே இரண்டு எழுத்து, முன்னால் எச்சும் டீயும் வேண்டும்: ஹெப்டகன் (எழுகோணம்), அதே வேரில் ஆர்த்தகானல். 'லாஜி' வேரில் தியாலஜியன். ஒரு காலத்தில் நெருப்புக்குக் காரணம் என்று நம்பப்பட்ட ஃபிளாஜிஸ்டன் என்ற சொல்லிலும் நான்கும் உண்டு. அப்புறம் இரண்டு சொல் ஒட்டியவை: ஷாட்கன், அதையே திருப்பிப் போட்டால் கன்ஷாட். டுகெதர்னெஸ் என்ற எளிய சொல்லில் நான்கும் இருப்பதை நான் வெகுநாள் கவனித்ததே இல்லை.

நமக்குத் தனியாக ஒரு தடை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எழுதியதை உச்சரித்துப் படிக்கும் மொழியில் வளர்ந்தவர்கள் நாம், அதனால் ஆங்கிலச் சொல்லையும் காதால்தான் தேடுகிறோம். டோநட் என்ற சொல்லை டி-ஓ-யூ-ஜி-எச் என்று தொடங்கி எழுதும் முறையும் உண்டு. காதில் ஜியும் கேட்காது, எச்சும் கேட்காது, ஆனால் உங்கள் நான்கு எழுத்தும் அதில் இருக்கின்றன. ஆன்ஸ்லாட் (கடும் தாக்குதல்) என்ற சொல்லும் அப்படித்தான். குதிரைவீரனைக் குறிக்கும் நைட் முன்னால் கே இருப்பதும் காதுக்குத் தெரியாது. ஒலிக்காத எழுத்துகள் பெரும்பாலும் சில குறிப்பிட்ட இடங்களில்தான் ஒளிந்திருக்கும்: கே-என், ஜி-என், டபிள்யூ-ஆர், பீ-எஸ் என்ற தொடக்கங்கள், எம்-பி, எம்-என் என்ற முடிவுகள், நடுவில் ஜி-எச். கொடுத்த எழுத்துகளில் இந்த ஜோடிகள் இருந்தால் காதை நம்பாமல் கண்ணால் தேடுங்கள்.

இப்போது அனகிராம், அதாவது எல்லா எழுத்தையும் பயன்படுத்த வேண்டிய வகை. இதில் வரிசை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். ஒன்பது வெவ்வேறு எழுத்துகளை 3,62,880 விதமாக அடுக்கலாம். அதற்குப் பதிலாக விகுதியை உருவிவிட வேண்டும். எஜுகேஷன் என்ற சொல்லின் ஒன்பது எழுத்தும் கலைந்த நிலையில் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் டீ-ஐ-ஓ-என் தெரிகிறது, அதை எடுத்து ஓரத்தில் வைத்தால் மிச்சம் ஈ, டி, யூ, சி, ஏ. அதிலிருந்து எஜுகேஷன் வந்துவிடும். நிறுத்த வேண்டாம். அந்த விகுதியைத் திரும்பப் போட்டுவிட்டு இறந்தகால ஈ-டி விகுதியை உருவுங்கள். மிச்சமுள்ள ஏழு எழுத்தில் எச்சரிக்கையைக் குறிக்கும் காஷன் இருக்கிறது, ஏலத்தைக் குறிக்கும் ஆக்‌ஷனும் இருக்கிறது. அவற்றோடு ஈ-டி சேர்த்தால் எச்சரித்தான் என்றும் ஏலம் விட்டான் என்றும் பொருள்படும் இரண்டு ஒன்பதெழுத்துச் சொற்கள். ஒரே எழுத்துக் குவியலில் மூன்று சொல், மூன்றும் விகுதியை உருவியதால் வந்தவை.

டிரையாங்கிள் சொல்லிலும் இதையே செய்து பாருங்கள். இங் விகுதியை உருவினால் மிச்சம் டீ, ஆர், ஏ, எல், ஈ. அந்த ஐந்தில் ஆல்டர், அலர்ட் இரண்டும் இருக்கின்றன, ஆகவே ஆல்டரிங், அலர்டிங். ரிலேட் என்ற வினை இங் சேரும்போது கடைசி ஈயை விட்டுவிடும் என்பது நினைவிருந்தால் ரிலேட்டிங். இங்கை உருவாமல் பார்த்தால் கணிதத்தில் வரும் இன்டெக்ரல். விகுதிகளில் அடிக்கடி கைகொடுப்பவை இங், ஈ-டி, ஈ-ஆர், ஈ-எஸ்-டீ, டீ-ஐ-ஓ-என், ஏ-பி-எல்-ஈ, எல்-ஒய், னெஸ், மென்ட். முன்னொட்டுகளில் அன், ரீ, இன், டிஸ், ஓவர், அவுட். எழுத்துகளை நேர்கோட்டில் எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். நேர்கோட்டில் எழுதினால் கண் அதை ஒரு சொல்லாகப் படிக்க முயன்று அந்த வரிசையிலேயே மாட்டிக்கொள்ளும்.

எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை ஆடுபவர்கள் இதில் இன்னும் ஒரு படி முன்னே போகிறார்கள். 1930களில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்பவர் செய்தித்தாள்களில் எழுத்துகளை எண்ணித்தான் அந்த விளையாட்டின் கட்டைகளை வகுத்தார்: மொத்தம் 100 கட்டை, அதில் 12 ஈ, 9 ஏ, 9 ஐ, வெறும் கட்டை இரண்டு, க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றே, அவற்றுக்கு 10 புள்ளி. கையிலுள்ள ஏழையும் ஒரே தடவையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். அதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் எந்த எழுத்துகள் சேர்ந்தால் சொல் நிறைய விளையும் என்று பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ரீடெய்ன்ஸ் என்ற சொல்லின் ஏழு எழுத்தை எடுங்கள்: நாஸ்டியர், ரெட்டினாஸ், ஸ்டெய்னர், ஸ்டியரின், ரெட்சினா எல்லாம் அதே ஏழு எழுத்துதான். அவர்கள் மனதில் வைத்திருப்பது சொல் வரிசையை அல்ல, எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கிய வடிவத்தை. லிசன் என்ற சொல்லை ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்று அடுக்கினால் அதுதான் அதன் அடையாளம். சைலன்ட், என்லிஸ்ட், டின்சல் மூன்றையும் அடுக்கிப் பாருங்கள், அதே அடையாளம் வரும்.

அரிய எழுத்துகள் கிடைத்தால் பயப்பட வேண்டாம், அவைதான் வேலையைச் சுலபமாக்குபவை. க்யூவும் இசட்டும் சேர்ந்து வர வேண்டும் என்றால் குவிஸ், குவார்ட்ஸ், ஸ்க்வீஸ் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜேயும் எக்ஸும் என்றால் ஜின்க்ஸ், ஜூக்பாக்ஸ், ஜக்ஸ்டபோஸ். க்யூவுக்குப் பின்னால் அனேகமாக யூ வரும் என்பதால் க்யூ கிடைத்த உடனே யூவும் கிடைத்ததாக வைத்துக்கொண்டு மேலே போகலாம், யூ இல்லாமல் வருபவை சீ (க்யூ-ஐ என்று எழுதும் சீனச் சொல்), ஃபக்கீர் போல வேற்றுமொழியிலிருந்து வந்த சிலவே. வி, ஜே, யூ, ஐ இவற்றில் முடியும் ஆங்கிலச் சொல் குறைவு, அதனால் இவற்றைக் கடைசியில் வைத்து யோசித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். உயிரெழுத்தே இல்லை என்று தோன்றினால் ஒய் இருக்கிறதா பாருங்கள்: ரிதம், லின்க்ஸ், நிம்ஃப், கிரிப்ட். மாறாக ஐந்து உயிரும் வந்து நின்றால் சீக்வோயா, ஈக்வேஷன், டயலாக் (யூ-ஈ என்று முடியும் எழுத்துமுறையில்), காலிஃபிளவர் பக்கம் போங்கள். ஐந்தும் அதே அகர வரிசையில் வரும் சொல்கூட உண்டு, ஃபசீஷியஸ்.

இடம் தெரிந்த வகைக்கு வருவோம். வேர்டிலை ஜோஷ் வார்டில் 2021இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்புக்குள் ஊகிக்க வேண்டும். இதில் பலரை வீழ்த்துவது உங்கள் எழுத்துகள்தான். கடைசி நான்கும் ஐ-ஜி-எச்-டீ என்று தெரிந்துவிட்டது, முதல் எழுத்து மட்டும் தெரியவில்லை என்றால் மகிழ்ச்சி அடையத் தோன்றும். ஆனால் ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், எய்ட் என்று எட்டுக்கு மேல் நிற்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பு தீர்ந்துவிடும். அப்போது விடையைப் போடாமல், ஃபிலிம்ஸ் போன்ற ஒரு சொல்லைப் போட வேண்டும்: எஃப், எல், எம், எஸ் நான்கையும் அது ஒரே தடவையில் சோதித்துவிடும். கடின நிலையில் (தெரிந்துவிட்ட எழுத்துகளை அடுத்த ஊகத்திலும் வைத்தே ஆக வேண்டிய நிலை) ஆடினால் இதற்கு அனுமதி இல்லை, அங்கே இந்தக் கூட்டுக்குள் சீக்கிரம் மாட்டாமல் இருப்பதுதான் வழி.

கருவிகள். ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளம் நான் அதிகம் பயன்படுத்துவது. கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு, நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும். இரண்டு சாய்கோடு போட்டு எழுத்துகளைக் கொடுத்தால் கலைத்து அடுக்கித் தரும், கழித்தல் குறி போட்டால் அந்த எழுத்துகள் உள்ளவற்றைத் தள்ளும். எந்தத் தளத்தில் தேடினாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள்: ஈ இரண்டு முறை வேண்டும் என்று கொடுத்துப் பாருங்கள். சில கருவிகள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு ஒரே ஈ உள்ள சொற்களையும் தரும். இது தெரியாமல் பட்டியலை நம்பினால் தவறு வரும்.

தளத்தைவிட ஒரு சொற்பட்டியலை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் 'எது சொல்' என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். எனேபிள் என்ற பட்டியல் யாரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டது, 1,72,000க்கு மேல் சொற்கள். ஸ்கிராபிளுக்கான காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் 2,79,000க்கு மேல். சில யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கூடவே வரும் பழைய பட்டியல் 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியை ஒட்டியது, அதில் பன்மைகள் பெரும்பாலும் இருக்காது, வழக்கொழிந்த சொற்கள் குவிந்திருக்கும். அமெரிக்க எழுத்துமுறையா பிரிட்டிஷ் எழுத்துமுறையா என்பதும் விடையை மாற்றும். மேக்ஸிமைஸ் என்ற சொல்லை இசட் போட்டு எழுதும் பட்டியலில் அது எக்ஸும் இசட்டும் சேர்ந்த சொல், எஸ் போட்டு எழுதும் பட்டியலில் இல்லை. உங்கள் தளங்கள் வேறுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பட்டியல் கையில் இருந்தால் எக்செல்லே போதும். முதல் பத்தியில் வரிக்கு ஒரு சொல், பக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பத்தி, அதில் சர்ச் சூத்திரம் போட்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து எல்லாவற்றிலும் ஆம் என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். சாதாரண ஃபில்டர் பெட்டியில் இரண்டு நிபந்தனைதான் போட முடியும், அதனால்தான் தனிப் பத்தி. ஃபைன்ட் சூத்திரம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்கும், சர்ச் பார்க்காது, ஆகவே சர்ச். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடச் சுலபம்: கிரெப் கட்டளையை எழுத்துக்கு ஒன்றாக நான்கு முறை, இடையில் செங்குத்துக் கோடு போட்டுக் கோத்தால் முடிந்தது. முதல் கிரெப்பில் ஜியை வையுங்கள், அடுத்தடுத்து வருபவற்றுக்கு வேலை குறையும். மனத்தில் செய்தபோது அரிய எழுத்திலிருந்து தொடங்கியதே இங்கும்.

நிரல் எழுதுபவர்களுக்கு இரண்டு உத்தி. ஒன்று மேலே சொன்ன அகர வரிசை அடையாளம். ஏழு வெவ்வேறு எழுத்துகளைக் கொண்டு எல்லா நீளத்திலும் 13,699 அடுக்குகள் வரும், ஆனால் எந்தெந்த எழுத்தைச் சேர்ப்பது என்று மட்டும் பார்த்தால் 127 கூட்டங்கள்தான். ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே அடையாளத்தோடு சேமித்து வைத்தால் 127 தடவை தேடினால் போதும். இன்னொன்று, 26 எழுத்தையும் 26 சுவிட்சுகளாக நினைப்பது. சொல்லில் இருக்கும் எழுத்தின் சுவிட்ச் மட்டும் எரியும். அப்போது 'இந்த நான்கும் இருக்கிறதா' என்பது கணினிக்கு ஒரே கணக்கு. எழுத்து எத்தனை முறை வருகிறது என்பது இதில் தொலைந்துவிடும், அதற்குத் தனியாக எண்ண வேண்டும்.

இது எவ்வளவு வேறுபாடு செய்யும் என்பதற்கு மாட் பார்க்கர் கதை நல்ல சாட்சி. ஒரே எழுத்து இரண்டு முறை வராமல் 25 எழுத்தைப் பயன்படுத்தும் ஐந்து ஐந்தெழுத்துச் சொற்களைக் கண்டுபிடிக்க அந்தக் கணித எழுத்தாளர் எழுதிய நிரல் ஓடி முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. அதைக் கேட்டவர்கள் எழுத்து திரும்ப வரும் சொற்களை முதலிலேயே தள்ளி, அனகிராம்களை ஒன்றாக்கி, சுவிட்ச் உத்தியைப் போட்டு, அரிய எழுத்திலிருந்து தொடங்கி ஒரு விநாடிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். கேள்வி அதேதான், எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதுதான் மாறியது.

கடைசியாக ஒன்று, இப்போது நிறையப் பேர் இந்தக் கேள்வியை செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் கேட்கிறார்கள். அவை சொல்லை எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, டோக்கன் என்ற துண்டுகளாகப் படிக்கின்றன, அதனால் எழுத்து எண்ணும் வேலையில் தடுமாறுவதுண்டு. ஸ்ட்ராபெர்ரியில் எத்தனை ஆர் என்ற கேள்வி இதனால்தான் பிரபலமானது. அவற்றிடம் சொற்களைக் கேட்பதைவிட, பட்டியலை வடிகட்டும் சின்ன நிரலை எழுதித் தரச் சொல்லி நீங்கள் ஓட்டுங்கள், அதை நன்றாகவே செய்யும். சொற்களையே வாங்கினால் ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்தையும் பேனாவால் அடித்துப் பாருங்கள். ஹெரிடேஜ் போல ஒரு சொல் உள்ளே நுழைந்திருந்தால், அதில் எச், டீ, ஜி மூன்றும் இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் சரி என்றே தோன்றும், என் இல்லை என்பது அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.